10 நாளில் கிரீஸ்: தீவுகளை விட்டுவிட்டுப் பெலொப்பொனேசஸ் கரையோரம் போங்கள்

செப்டம்பரில் 10 நாள் விடுமுறை, கூடவே அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மா, கடலும் வேண்டும், பழங்கால நகரங்களும் வேண்டும். இதற்கு ஏதென்ஸ், மைக்கோனோஸ், சாண்டோரினி என்று போட்டுக் கொடுத்த திட்டம் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிவராது என்றுதான் சொல்வேன். அந்தத் தீவுகள் அழகானவைதான். ஆனால் துறைமுகத்தில் காத்திருப்பது, கப்பல் ஏறுவது, பெட்டி தூக்குவது, மறுபடி அறைக்குள் நுழைவது என்றே பல மணி நேரம் போய்விடும். மெல்ட்டெமி எனும் வடகாற்று பலமாக வீசினால் ஏஜியன் கடலில் படகு ஓடாத நாளும் உண்டு. வயதானவர்களோடு போகும்போது இந்த அலைச்சல் வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஏதென்ஸ் விமான நிலையத்திலேயே காரை எடுத்துக்கொண்டு நேராகத் தென்மேற்கே இறங்குங்கள். கொரிந்து நிலச்சந்தியைத் தாண்டினால் கிரீஸின் தெற்குத் தீபகற்பமான பெலொப்பொனேசஸ். நான் இந்தக் கரையைப் பரிந்துரைப்பதற்கு ஒரே காரணம் போதும்: இங்கே கடலுக்கு ஒரு நாள், கல்லுக்கு ஒரு நாள் என்று பிரிக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு பழைய நகரமும் ஒரு துறையை நம்பி எழுந்தது. அந்தத் துறையில் நீந்திவிட்டு மேலே ஏறிப் பார்த்தால்தான் அந்த நகரம் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். இதைப் பார்க்காமல் இடிபாடுகளை மட்டும் சுற்றினால் எல்லாத் தூண்களும் ஒரே மாதிரி தெரியத் தொடங்கிவிடும்.

இரவுத் தங்கல் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நாஃப்பிலியோவில் 3, மொனெம்வாசியாவில் 2, மானியில் 1, பீலோஸில் 2, ஒலிம்பியாவில் 1, கடைசியாக ஏதென்ஸில் 1. செப்டம்பர் நல்ல தேர்வு. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதுதான் நீந்துவதற்கு மிக இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் ஏதென்ஸின் பழங்கால மலைக்கோட்டையான அக்ரோபோலிஸையே நண்பகலில் மூடிவிடுகிறார்கள்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கட்டாயம். ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கிவிடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பெரும்பாலான வாடகைக் கார்கள் கையால் கியர் மாற்றுபவை. ஆட்டோமேடிக் வேண்டுமானால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். படகில் காரை ஏற்ற எண்ணம் இருந்தால் வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காப்பீடு கடலில் செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.

போகும் வழியில் கொரிந்து கால்வாயில் அரை மணி நேரம் நிற்கலாம். 1893இல் திறந்தது, நீளம் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நீரோ மன்னன் கி.பி. 67இல் வெட்டத் தொடங்கிக் கைவிட்ட வேலை இது. அதற்கும் 600 ஆண்டுகள் முன்பே கொரிந்து மக்கள் கல் பாவிய தடம் ஒன்றைப் போட்டு, சரக்கையும் கப்பல்களையும் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குத் தரை வழியே இழுத்துப்போனார்கள். டியோல்கோஸ் என்று அதற்குப் பெயர்.

நாஃப்பிலியோ ஏதென்ஸிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். சுதந்திர கிரீஸின் முதல் தலைநகரங்களில் ஒன்று. 1834இல்தான் தலைநகர் ஏதென்ஸுக்குப் போனது. முதல் ஆட்சித்தலைவர் கப்போடிஸ்ட்ரியாஸ் 1831இல் புனித ஸ்பிரிடான் தேவாலய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். குண்டு பாய்ந்ததாகச் சொல்லும் இடத்தைக் கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள். ஊருக்கு மேலே நிற்கும் பாலமிடி கோட்டையை வெனிஸ்காரர்கள் 1711 முதல் 1714 வரை கட்டினார்கள். அடுத்த ஆண்டே அது துருக்கியரின் ஒட்டோமான் படையிடம் போய்விட்டது. படிக்கட்டு 999 என்பது ஊர்ப்பேச்சு. உங்கள் பெற்றோர் அதில் ஏற வேண்டாம், பின்பக்கம் கோட்டை வாசல் வரை தார்ச் சாலை இருக்கிறது. மாலையில் குளிக்க, ஊரை ஒட்டியே அர்வனிட்டியா என்ற கூழாங்கல் கரை உண்டு. மணல்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளி கராத்தோனா. அங்கே ஆழம் மெதுவாகத்தான் கூடும், வயதானவர்களுக்கு அது நல்லது.

இந்த ஊரை மூன்று இரவுக்குத் தளமாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், வெண்கலக் காலக் கோட்டை நகரமான மைசீனியும் பழைய வைத்தியத் தலமான எபிடாவ்ரோஸும் ஆளுக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருப்பதுதான். இரண்டையும் ஒரே நாளில் முடிக்காதீர்கள். டூர் பஸ்கள் அப்படித்தான் செய்கின்றன, இரண்டும் கெட்டுப்போகின்றன.

மைசீனிக்குக் காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். சிங்க வாசல் கி.மு. 1250 வாக்கில் கட்டியது. அதைவிட என்னை அதிகம் அசைத்தது சாலைக்கு மறுபக்கம் உள்ள 'அட்ரியஸின் கருவூலம்' என்ற கல்லறை. சாந்து இல்லாமல் வட்ட வட்டமாகக் கல்லடுக்கி 13 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய கூம்புக்கூடம் அது. வாசலுக்கு மேலே கிடக்கும் உத்தரக்கல் ஒன்றே 120 டன் அளவு இருக்கும் என்கிறார்கள். உள்ளே நின்று மெதுவாகப் பேசிப் பாருங்கள், குரல் சுற்றி வரும். பிறகு மேலே கோட்டைக்கு ஏறித் தெற்கே பார்த்தால் சமவெளியும் அதன் முடிவில் ஆர்கோலிக் வளைகுடாவும் தெரியும். இங்கே கிடைத்த புதைகுழிகளில் பால்டிக் கடற்பக்கத்து அம்பர் மணிகளும் தீக்கோழி முட்டைகளும் இருந்தன. அவ்வளவு தொலைவுப் பொருள்கள் வந்து சேரும் துறைகளுக்கு மேலேதான் அந்த மலைக்கோட்டை உட்கார்ந்திருந்தது. ஊர் திரும்பும் வழியில் டிரின்ஸ் கோட்டைச் சுவரையும் பாருங்கள். இன்று கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வெண்கலக் காலத்தில் கடல் இன்னும் பக்கத்தில் இருந்தது, ஆற்று வண்டல்தான் அதைத் தள்ளிவிட்டது.

எபிடாவ்ரோஸில் எல்லோரும் அரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அரங்கம் பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை. கீழே 34, மேலே 21 என்று 55 வரிசைகள், பதின்மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நடுவில் ஒரு நாணயத்தைப் போட்டால் கடைசி வரிசை வரை கணீரென்று கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகள் வைத்து அளந்து, மேல் வரிசையில் தெளிவாகப் புரிய வேண்டுமானால் பேசுபவர் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும் என்று காட்டினார்கள். அதனால் என்ன குறைந்துவிட்டது? பயிற்சி பெற்ற நடிகர் ஒருவர் ஒலிபெருக்கி இல்லாமல் அத்தனை பேருக்கும் கேட்கும்படி வசனம் பேச முடிகிறதே, அது போதாதா. கோடை நாடக விழா ஆகஸ்டோடு முடிந்துவிடும், உங்கள் தேதிக்குக் கிடைக்காது.

ஆனால் அந்த அரங்கம் ஒரு வைத்தியத் தலத்தின் பகுதி. அஸ்கிலிபியோஸ் என்ற மருத்துவ தெய்வத்தின் சந்நிதி இது. நோயாளிகள் குளித்து, பலி கொடுத்து, அபாட்டன் என்ற நீண்ட மண்டபத்தில் இரவு படுத்துக்கொள்வார்கள். கனவில் தெய்வம் வந்து குணப்படுத்தும் அல்லது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் என்பது நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டுகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இறங்கிய துறை இன்றைய பாலயா எபிடாவ்ரோஸ் கிராமம். சந்நிதியைப் பார்த்த கையோடு அங்கே இறங்குங்கள். ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. அதைத் தாண்டிக் கரைக்குப் போனால், ஆள் உயரத் தண்ணீருக்குள் ரோமானியர் காலத்துப் பண்ணை வீட்டின் சுவர்களும் பெரிய ஜாடிகளின் அடிப்பாகங்களும் தெரியும். நீச்சல் கண்ணாடி ஒன்று போதும், மிதந்தபடியே பார்க்கலாம். காலுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்; பாறையோரம் எங்கும் கடல் முள்ளெலிகள் இருக்கும், முள் ஏறினால் இரண்டு நாள் நடக்க முடியாது.

நாஃப்பிலியோவிலிருந்து மொனெம்வாசியாவுக்கு நெடுஞ்சாலை வழியாக ஸ்பார்ட்டாவைத் தொட்டுப் போகலாம். நான் லியோனிடியோ வழிக் கரையோரச் சாலையைத்தான் சொல்வேன், ஒரு மணி நேரம் கூடுதலானாலும். செம்பாறை மலைக்குக் கீழே உள்ள அந்தப் பக்கத்து ஊர்களில் ட்ஸகோனியன் என்ற மொழியை முதியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். பண்டைய டோரிக் கிரேக்கத்திலிருந்து வந்த மொழி அது, ஏதென்ஸ்காரர்களுக்கே புரியாது. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டு அந்த ஊர்க் கத்தரிக்காய் கேளுங்கள். ஊதா நிறத்தில் வெள்ளைக் கோடு போட்டது, கசப்பே இருக்காது.

மொனெம்வாசியா, கடலுக்குள் நிற்கும் ஒற்றைப் பாறை. கரையிலிருந்து பார்த்தால் ஊரே தெரியாது. குறுகிய பாலம் தாண்டி, பாறையைச் சுற்றிப் போய், வளைந்து திரும்பும் இருட்டு வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் தெருக்களும் தேவாலயங்களும் வீடுகளும் கண்முன் வரும். கடல் வழி வரும் வணிகனுக்குத் தெரிய வேண்டும், தரை வழி வரும் படைக்குத் தெரியக் கூடாது என்று கட்டிய ஊர். இடைக்காலத்தில் ஐரோப்பா முழுக்கக் கேட்டு வாங்கிய மால்வாசியா மதுவுக்கு இந்த ஊரின் பெயர்தான். உள்ளே வண்டி போகாது. வாசல் வரை சின்ன பஸ் உண்டு. அதற்கு மேல் உருளைக்கல் பாவிய தெரு. சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, இரண்டு இரவுக்கு வேண்டியதைத் தோள்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களானால் பாலத்துக்கு இப்பக்கம் உள்ள யெஃபிரா ஊரில் தங்குங்கள், வாடகையும் குறைவு. கடல்பக்க மதிலில் போர்ட்டெல்லோ என்ற குட்டி வாசல் உண்டு. ஊர்க்காரர்கள் அதன் வழியாகப் போய்ப் பாறையிலிருந்து நேராக நீரில் இறங்குவார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

இங்கிருந்து ஒரு பகலை எலஃபோனிசோஸ் தீவுக்கு ஒதுக்குங்கள். பூண்டா துறையிலிருந்து படகில் பத்து நிமிடம். தீவின் சீமோஸ் கரையில் மணல்மேடுகளும் வெளிர்நீலத் தண்ணீரும் இருக்கின்றன; சாண்டோரினியின் கருமணல் கரைகளில் இது கிடைக்காது. ஆனால் எனக்கு முக்கியம் தீவு அல்ல, பூண்டா அருகிலேயே கரையை ஒட்டி மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாவ்லோபெத்ரி. 1967இல் நிக்கலஸ் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் கண்டறிந்தது. தெருக்கள், வீட்டுச் சுவர்கள், கல்லறைகள் என்று முழு ஊரும் நீருக்கடியில் இருக்கிறது. குடியிருப்பின் தொடக்கம் 5,000 ஆண்டுகள் பழையது. மேலிருந்து மிதந்து பார்க்கும்போது சுவர்க் கோடுகள் தெரியும், அவ்வளவுதான். பெரிய தூண்களை எதிர்பார்க்காதீர்கள். அங்கிருந்து ஒரு ஓட்டாஞ்சில்லைக்கூட எடுக்கக் கூடாது. சட்டமும் அதுதான், மனசாட்சியும் அதுதான். படகுகளின் நங்கூரமே அந்த ஊரை ஏற்கெனவே போதுமான அளவு கெடுத்திருக்கிறது.

மானிப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்ட்டாவின் துறைமுகமாக இருந்த யீத்தியோவில் மதிய உணவு, டீரோஸ் குகைக்குள் படகுச் சவாரி, குலப்பகையில் வாழ்ந்த குடும்பங்கள் கட்டிக்கொண்ட கற்கோபுர வீடுகள், அவற்றில் வாத்தியா கிராமம். இவை போதும். நடக்கத் தெம்பு உள்ளவர்கள் மட்டும் தெற்கு நுனியான டைனாரோன் முனைக்குப் போங்கள். பாதாளத்தின் வாசல் என்று பழைய கிரேக்கர்கள் நம்பிய இடம். கடற்கடவுள் பொசைடனின் கோயில் இருந்தது, கூலிப்படை வீரர்களை ஆள் எடுக்கும் சந்தையும் கூடியது. கலங்கரை விளக்கம் வரை நிழலே கிடையாது.

பிறகு கலமாட்டாவைத் தாண்டிப் பீலோஸ். வழியில் சற்று விலகி மெஸ்ஸீனியைப் பார்த்துவிடுங்கள். ஸ்பார்ட்டாவுக்குத் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்த மக்களுக்காகத் தீப்ஸ் நகரத் தளபதி எபமினோண்டஸ் கி.மு. 369இல் உருவாக்கிய நகரம். 9 கிலோமீட்டர் மதில், முழுதாக நிற்கும் விளையாட்டரங்கம், கூட்டமே இல்லை. ஒலிம்பியாவைவிட இங்கேதான் ஒரு கிரேக்க நகரம் எப்படி இருந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பீலோஸுக்கு இரண்டு இரவு வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நவரினோ வளைகுடாவை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் அரைவட்டத்துக்குள் எத்தனை காலம் அடங்கியிருக்கிறது பாருங்கள். வளைகுடாவின் வாயை மூடிக்கொண்டு கிடக்கும் ஸ்ஃபக்டீரியா தீவில் கி.மு. 425இல் ஸ்பார்ட்டா வீரர்கள் ஏதென்ஸிடம் சரணடைந்தார்கள். சாவார்களே தவிரச் சரணடைய மாட்டார்கள் என்ற பேரைக் கேட்டுப் பழகிய கிரேக்க உலகம் அதிர்ந்துபோனது. அதே வளைகுடாவில் 1827 அக்டோபர் 20 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்கள் சேர்ந்து ஒட்டோமான், எகிப்தியக் கடற்படையை அழித்தன. கிரீஸ் விடுதலைக்கு வழி திறந்தது அந்த ஒரு பிற்பகல். முழுக்கப் பாய்மரக் கப்பல்களோடு நடந்த கடைசிப் பெரிய கடற்போர் அது.

வடக்கே வொய்டோகிலியா. ஏறக்குறைய முழு வட்டமான குடா, வெண்மணல், கணுக்கால் அளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் கடையோ குடையோ நாற்காலியோ கிடையாது. தண்ணீரும் நிழலுக்குக் குடையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். பின்னால் உள்ள யாலோவா காயலில் பறவைகள் இறங்கும், ஐரோப்பாவில் அரிதான ஆப்பிரிக்கப் பச்சோந்தி மணற்பரப்பில் முட்டையிடும். ஆகவே வண்டியை நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டுப் போட்ட பாதையிலேயே நடங்கள்.

கடலிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் மேட்டில் ஏறினால் எங்கிலியானோஸ். கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமர் பாடிய முதிய மன்னன் நெஸ்டோரின் பெயரால் அழைக்கப்படும் அரண்மனை. 1939இல் அமெரிக்கத் தொல்லியலாளர் கார்ல் பிளீகன் முதல் நாள் வெட்டிய குழியிலேயே களிமண் ஏடுகள் வந்தன. அரண்மனை கி.மு. 1200 வாக்கில் தீப்பிடித்து அழிந்தது. அந்தத் தீயில் வெந்ததால்தான் பச்சைக் களிமண்ணில் எழுதிய கணக்குகள் சுட்ட செங்கல்லாகி நமக்கு மிஞ்சின. அந்த ஏடுகளில் உள்ள லீனியர் பி என்ற பழைய எழுத்தை ஆங்கிலேயரான மைக்கேல் வெண்ட்ரிஸ் 1952இல் படித்தார், அது கிரேக்க மொழியே என்று தெரிந்தது. ஏடுகளில் காவியம் எதுவும் இல்லை. துடுப்பு போடுபவர்களின் பட்டியல், வெண்கலக் கணக்கு, கரையைக் காவல் காக்க எந்தக் குழுவை எங்கே நிறுத்துவது என்ற குறிப்பு. இவற்றை எழுதிக் கொஞ்ச நாளில் அரண்மனை எரிந்துவிட்டது. அந்தக் காவல்காரர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்று இன்னும் வாதம் நடக்கிறது. அங்கே நின்று நீங்கள் காலையில் குளித்த கரைப்பக்கம் பார்க்கும்போது, ஏட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இடம் கிடைத்துவிடும். மேலே கூரை போட்டு உயரத்தில் நடைபாதை அமைத்திருப்பதால் வெயில் நேரத்திலும் பெற்றோரை அழைத்துப் போகலாம்.

சாப்பாடு பற்றி. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கிரீஸ் கஷ்டமில்லை. எண்ணெயும் தக்காளியும் சேர்த்து வேகவைக்கும் காய்கறி வகைகளுக்கு லதேரா என்று பெயர்: பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய். அரிசி அடைத்த தக்காளி கெமிஸ்டா, பெரிய வெள்ளை மொச்சை போன்ற யிகாண்டெஸ், வேகவைத்த கீரை ஹோர்ட்டா எல்லாம் தவர்னா எனும் எந்தச் சிறு உணவகத்திலும் கிடைக்கும். நோன்பு உணவு என்று பொருள்படும் நிஸ்தீசிமா என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் ஆக்டோபஸும் இறாலும் அவர்கள் நோன்பில் அனுமதி உள்ளவை, அதைத் தனியாகச் சொல்லி விலக்குங்கள். மீன் சாப்பிடுபவர்கள், விலை கிலோவுக்கு என்பதால், சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை, அங்கே அதுதான் வழக்கம்.

கடற்கரையில் யாராவது நாற்காலி வாடகை கொடுத்தால்தான் உட்காரலாம் என்றால் நம்பாதீர்கள். கிரீஸில் கரை பொதுச்சொத்து. 2024இல் வந்த சட்டப்படி கரையின் பெரும்பகுதியைக் குடை நாற்காலி இல்லாமல் விட வேண்டும். உங்கள் துண்டை விரித்து உட்காருங்கள்.

ஒலிம்பியாவுக்குப் போகும் வழியில் உள்ள கிப்பரிஸியா வளைகுடா மணலில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. செப்டம்பரிலும் குஞ்சுகள் வெளியே வரும், ஆகவே இரவில் அந்தக் கரையில் டார்ச் அடிக்கக் கூடாது. ஒலிம்பியாவில் முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து மறுநாள் காலை திறந்ததும் நுழைந்துவிடுங்கள். கட்டாக்கோலோ துறையில் சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் பத்து மணிக்குமேல் கூட்டம் நெரியும். 192 மீட்டர் ஓட்டப்பாதையில் பிள்ளைகள் ஓடிப் பார்ப்பது வழக்கம், ஓடுங்கள். சிசிலியின் கிரேக்க நகரங்களும் வட ஆப்பிரிக்கக் கிரீனியும் கட்டிய காணிக்கைக் கருவூலங்களின் வரிசையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அத்தனை தூரம் கடல் தாண்டி வந்தவர்களின் திருவிழா இது.

ஏதென்ஸை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்காக. மைசீனியில் ஜெர்மானியத் தொல்லியலாளர் ஷ்லீமான் 1876இல் எடுத்த தங்க முகமூடியும் பீலோஸ் ஏடுகளும் அங்கேதான் இருக்கின்றன. தொடக்கத்தில் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொருள். கடைசியில் பார்த்தால் எந்த மேட்டில், எந்தக் கடலைப் பார்த்த ஊரில் கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும். ஒலிம்பியாவிலிருந்து ஏதென்ஸ் நான்கு மணி நேரப் பயணம். காரை விமான நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு மெட்ரோவில் நகருக்குள் வாருங்கள். அக்ரோபோலிஸுக்கு நுழைவு நேரம் குறித்த டிக்கெட் என்பதால், பயணத் தேதி உறுதியானதுமே மாலையின் கடைசி நேரங்களில் ஒன்றை இணையத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.